சுவிஸ் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, உள்ளே வா. பசியாறிட்டியா? அம்மாடி, நீயும் உட்காரும்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் மூணுதான். நாலாவது கால் செங்கல்லு.

ஒரு கையில நாய்ச்சங்கிலி, இன்னொரு கையில ஒரு மூட்டை நாய்ச்சோறு. நீ வாசல்ல வந்து நின்னப்பவே எனக்கு விளங்கிடுச்சு. தாத்தா மேல திடீர்னு பாசம் பொங்குச்சுன்னா, அதுக்குப் பின்னால ஒரு பிளேன் டிக்கெட் இருக்கும். எந்த ஊரு? சுவிட்சர்லாந்தா! பன்னிரண்டு நாளா! போயிட்டு வாங்க, சந்தோஷம். ஜிம்மியை நான் பார்த்துக்கறேன், அது என்னைப் பார்த்துக்கும். இந்தத் தாமான்ல எங்க ரெண்டு பேருக்கும் வேற சோலி கிடையாது. ஊர்ப் பேரை 2007-லேயே பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க. என் வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருது. ஜிம்மிக்காவது புதுப் பேரைச் சொல்லிக் குடுக்கறேன்.

ஆனா கூலி இல்லாம இந்தக் கிழவன் வேலை செய்ய மாட்டான். காசு வேண்டாம், வச்சுக்க. அங்க ஒரு காப்பி குடிக்கவே உனக்கு அது தேவைப்படும். நான் சொல்ற புத்திமதியைக் கடைசி வரைக்கும் கேட்டுட்டு எழுந்திரு. அதுதான் கூலி.

என்ன சொன்னே, சம்மர் ஹாலிடேயா? நல்லாயிருக்கு. கோல சிலாங்கூர்ல பொறந்தவனுக்குப் பன்னிரண்டு மாசமும் சம்மர்தான். மழை பெய்யற சம்மர், பெய்யாத சம்மர்னு ரெண்டு வகை. அந்த ஊர்க்காரன் வெயில் தேடி இங்க வர்றான். நீ குளிர் தேடி அங்க போறே. ஆகாயத்துல ரெண்டு பிளேனும் குறுக்கே போகும்போது கையை ஆட்டிக்குங்க.

எப்பக் கிளம்புறீங்க? மே மாசக் கடைசி, பள்ளிக்கூட லீவுலயா? அப்ப ஒண்ணு கேட்டுக்க. நமக்குப் பள்ளிக்கூடம் மூடினா சம்மர், அங்க மலைமேல பனி உருகினாத்தான் சம்மர். ஃபுர்க்கா, கிரிம்செல், சூஸ்தன் மாதிரி உசரமான மலைச் சாலைங்களை ஏறக்குறைய ஜூன்லதான் திறப்பாங்க. பனி ஜாஸ்தியா விழுந்த வருஷம் இன்னும் தள்ளிப் போகும். உசரத்துல நடக்கிற ஒத்தையடிப் பாதைக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் சரி. நீ மே மாசம் கார் எடுத்துக்கிட்டு ஏறினா, பாதி வழியில ஒரு கம்பியைக் குறுக்கே போட்டு வச்சிருப்பான். ஆனா அதுலயும் ஒரு நன்மை இருக்கு. பனி உருகற நேரங்கிறதால அருவியெல்லாம் அப்பத்தான் கொட்டும். லவுட்டர்புருன்னன்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்க 72 அருவின்னு கணக்குச் சொல்றாங்க. அதுல ஒண்ணு ஏறக்குறைய 300 மீட்டர், பாறை உச்சியிலேருந்து தலைகீழா விழுது. அங்க மட்டும் ரெண்டு ராத்திரி தங்குங்க.

ஏன் அப்படிப் பார்க்கிறே? தாத்தாவுக்கு எப்படித் தெரியும்னா? போன தீபாவளிக்கு உன் பழைய ஐபேட்டை என் தலையில கட்டினியே, மறந்துட்டியா? தூக்கம் வராத கிழவன் கையில அதைக் குடுத்தா, அவன் விசா இல்லாம உலகத்தைச் சுத்திடுவான்.

சரி, இந்தக் குளிர் தேடி மலை ஏறுற வியாதி எங்கேருந்து நமக்கு ஒட்டுச்சுன்னு நினைக்கிறே? துரைமார்கிட்டேருந்துதான். கோல குபு பாருல ஏறினா ஃபிரேசர் மலை. மலை பஹாங்ல, ஆனா வாசப்படி நம்ம சிலாங்கூர்ல. லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர்னு ஒருத்தர் ஈயத்துக்காக அங்க போய் உட்கார்ந்தாரு, அப்புறம் ஆளைக் காணோம். 1917-ல சிங்கப்பூர்ப் பேராயர் ஒருத்தர் அவரைத் தேடிக்கிட்டு ஏறினாரு. ஆள் கிடைக்கலை, குளிர் கிடைச்சுது. உடனே ஆளை மறந்துட்டாங்க. 1920-கள் தொடக்கத்துல அங்க கல்லு வீடு, ரோஜாச்செடி, குளிர்காய அடுப்பு எல்லாம் வந்தாச்சு. வருஷம் பூரா வேர்வையில நனைஞ்ச துரை, மலைமேல ஏறி, நெருப்பைப் போட்டுக் குளிர் காய்ஞ்சான். அது ஒரு பெருமை! கல்லை உடைச்சு ரோட்டைப் போட்டது யாரு கையின்னு உனக்கு நான் சொல்லணுமா? அந்தக் காலத்துப் பொதுப்பணிக் கூலி வரிசையில நம்ம சனம்தான் ஜாஸ்தி.

இந்தப் பக்கம் பத்து ஆராங் இருக்கே, அந்தக் கரிச்சுரங்கத்து முதலாளி ஜே. ஏ. ரசல். 1929-ல கேமரன் மலையில போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பிச்சதும் அதே ரசல்தான். கரியை வெட்டினது கீழே, தேத்தண்ணி குடிச்சது மேலே. கரி வெட்டினவன் 1937-ல வேலைநிறுத்தம் செஞ்சான். அவனுக்கு லீவு அதுதான்!

இப்ப என் கதைக்கு வர்றேன். 1968-னு வை, எனக்குப் பதினேழு வயசு. நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு, விடியறதுக்கு முன்னே பெரட்டுக்கு நின்னு பேர் குடுத்துட்டு, ரப்பர் மரம் வெட்டப் போற காலம். ஒருநாள் காலையில துரை, ஊர்லேருந்து லீவுக்கு வந்த விருந்தாளிங்களை நம்ம நிரைக்குக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. சுவிஸ்காரங்கன்னு கிராணி காதுல சொன்னாரு. எனக்கு அப்ப சுவிஸ்னா கைக்கடிகாரம்தான் தெரியும். அந்த அம்மா பெட்டி கேமராவைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, மரத்தை வெட்டிக் காட்டச் சொன்னாங்க. நான் ஏற்கெனவே வெட்டியாச்சு, பால் மங்குல சொட்டிக்கிட்டிருக்கு. பரவாயில்லை, மறுபடி வெட்டுன்னாரு துரை. வெட்டினேன். வெளிச்சம் சரியில்லை, அந்தப் பக்கம் திரும்புன்னாங்க. திரும்பினேன், இன்னொரு வாட்டி வெட்டினேன். மூணாவது வெட்டுல உளி ஆழமா இறங்கி மரத்துல காயம். அவங்க சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் கங்காணி வந்து காயத்தைப் பார்த்துட்டு என் பேருக்கு நேரா ஒரு கோடு போட்டான். துரையோட விருந்தாளி லீவு எனக்கு ஒரு கோடு!

அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுக்கிட்டேன் பேராண்டி. அடுத்தவன் வேலை செய்யற இடம்தான் ஊர் சுத்த வர்றவன் கண்ணுக்கு அழகா தெரியும். தேயிலை மலையும் அழகு, சிகிஞ்சான் வயலும் அழகு, குனிஞ்சு கிடக்கிறவன் முதுகு நம்முதா இல்லாத வரைக்கும். இத்தனை வருஷம் நாம படத்துல நின்னோம். இப்ப உன் கையில கேமரா. போ, நல்லாப் போ! நான் வேண்டாம்னு சொல்லலை. நம்ம முறை வந்திருக்கு. ஆனா கேமராவைப் புடிக்கிற கை, உளி புடிச்ச கையோட வம்சம்ங்கிறதை மறந்துடாதே.

அம்மாடி, அந்தப் பையில என்ன? இருபத்தி நாலு பாக்கெட் மெகி மீயா! சிரிக்காம எப்படிம்மா இருக்கறது? மெகிங்கிறதே சுவிஸ்காரன் பேரும்மா, ஜூலியஸ் மெகி. அவன் சூப்புத்தூள் கம்பெனி 1947-ல நெஸ்லேயோட சேர்ந்துச்சு. நெஸ்லேயும் அந்த ஊருதான். நீ திருநெல்வேலிக்கு அல்வா தூக்கிக்கிட்டுப் போறே. சரி, கொண்டு போ. அங்க ஓட்டல் விலைக்கு அந்த அல்வாதான் காப்பாத்தும்.

சுவிஸ் நமக்குப் புதுசுன்னு நினைக்காதே. நெஸ்லேக்காரன் 1912-லேயே பினாங்குல வந்து இறங்கினான், ஆங்கிலோ-சுவிஸ் டின் பால் கம்பெனின்னு பேரு. லயத்துப் பிள்ளைங்க தேத்தண்ணியில கலக்கிக் குடிச்சு வளர்ந்தது டின் பால்தான். நீ சுவிஸ் மாட்டைப் பார்க்கப் போறே, அந்த மாட்டுச் சங்கதி உன் கொள்ளுத்தாத்தா குவளைக்கு எப்பவோ வந்தாச்சு.

அதே 1912-லதான் யுங்ஃபிராவ் மலைக்கு ரயில் திறந்தாங்க. அங்க போறீங்கதானே? எல்லாரும் போறாங்க. 3,454 மீட்டர் உசரத்துல ஸ்டேஷன். கேமரன்ல பிரிஞ்சாங் மலை உச்சி 2,031 மீட்டர், அதுக்கும் மேல கிட்டத்தட்ட முக்கால் மலையைத் தூக்கி வைக்கணும். அந்த உசரத்துல மூச்சு வாங்கும், தலை சுத்தும். இறங்கினதும் ஓடாதே, கல்யாணப் பொண்ணு மாதிரி நட. டிக்கெட் இருநூறு பிராங்கைத் தாண்டும். ஒரு பிராங்குக்கு அஞ்சு வெள்ளின்னு கணக்குப் போடு. ஆயிரம் வெள்ளிக்கு மேல. அதனால, காலையில எழுந்ததும் மலை உச்சி கேமராவை ஐபேட்ல பாரு. உச்சியில மேகம் மூடியிருந்தா டிக்கெட் வாங்காதே. ஆயிரம் வெள்ளி குடுத்து வெள்ளைச் சுவத்தைப் பார்க்கறதுக்கு, என் வீட்டுச் சுவத்தைச் சும்மா பார்த்துக்க, போன வருஷம்தான் சுண்ணாம்பு அடிச்சேன். அரைக்கட்டணக் கார்டுன்னு ஒண்ணு விக்கிறாங்க, ஒரு மாசத்துக்குச் செல்லும். ரயில், படகு, மலை ரயில்னு பெரும்பாலும் பாதி விலை. முதல்ல கணக்குப் போட்டுப் பார்த்துட்டு அதை வாங்கு.

அந்த ரயில் மலைமேல ஓடலை பேராண்டி, மலைக்குள்ள ஓடுது. ஏழு கிலோமீட்டருக்கு மேல சுரங்கம். 1896-ல தோண்ட ஆரம்பிச்சு பதினாறு வருஷம் தோண்டினாங்க. திட்டம் போட்ட முதலாளி குயெர்-செல்லர் 1899-லயே கண்ணை மூடிட்டாரு. தோண்டினது பெரும்பாலும் இத்தாலியிலேருந்து வந்த கூலிக்காரங்க. அந்த ஊருக்கும் ஒரு கப்பல் கூலிச் சனம் இருந்திருக்கு பார்த்தியா, கப்பலுக்குப் பதிலா மலை தாண்டி வந்த சனம். வண்டி இருட்டுல போறப்ப எல்லாரும் போனைத் தடவுவாங்க. நீ ஒரு நிமிஷம் சுவத்தைப் பாரு. நமக்கு அது சொந்தக்காரன் வேலை மாதிரி.

அம்மாடி கொரியா நாடகம் பார்க்கிற ஆளாச்சே. இசல்ட்வால்டுக்குப் போகணும்னு சொல்லியிருப்பியே? தெரியும். ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற ஒரு மரப்பாலம், நாடகத்துல நாயகன் அங்க உட்கார்ந்து பியானோ வாசிச்சான். அதுக்கப்புறம் வந்த கூட்டத்தைப் பார்த்து ஊர்க்காரன் மிரண்டு போய், பாலத்து வாசல்ல சுத்துக் கம்பி வச்சுட்டான். உள்ளே போய் நிக்க அஞ்சு பிராங்க். இருபத்தஞ்சு வெள்ளி, பலகைமேல நிக்க! பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில நீ நாள் பூரா சும்மா நிக்கலாம், வீட்டுக்குத் திரும்பறப்ப மீனும் வாங்கிக்கலாம். பியானோதான் இருக்காது. ஆனா ஊர்க்காரனைக் குத்தம் சொல்லாதே. நம்ம வாசல்ல தினம் பஸ் வந்து நின்னா நாமும் கம்பி வைப்போம். நானா இருந்தா பத்து பிராங்க் கேட்பேன்.

மாடு பார்க்கணும்னா ஊருக்குள்ள தேடாதே. கோடையில மாடெல்லாம் மலைமேல மேய்ச்சலுக்குப் போயிடும், மணி கட்டிக்கிட்டு. செப்டம்பர் வாக்கில இறங்கி வர்றப்ப தலையில பூ வச்சு ஊர்வலமா கூட்டிக்கிட்டு வருவாங்க. நம்ம மாட்டுப் பொங்கல்தான், மஞ்சள் தண்ணி மட்டும் இல்லை. செம்பனைத் தோப்புல மேயற நம்ம மாட்டுக்கு எவன் பூ வைக்கிறான்? மேனேஜர் நோட்டீஸ்தான் வைக்கிறான்.

தண்ணி வாங்கிக் காசைக் கரைக்காதே. ஊருக்கு ஊரு கல்தொட்டியில தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், குடிக்கலாம். சூரிச்ல மட்டும் ஆயிரத்து இருநூறு இருக்காம். நம்ம லயத்துப் பொதுப் பைப்பு மாதிரிதான், வாளிச் சண்டை மட்டும் கிடையாது. குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தா மட்டும் விட்டுடு. ஞாயித்துக்கிழமை கடைங்க பெரும்பாலும் சாத்தியிருக்கும். ரயில் ஸ்டேஷன் கடைதான் கதி. அன்னைக்குச் சத்தமும் போடக் கூடாதாம். உன் பிள்ளைங்களை எப்படி அடக்குவேன்னு தெரியலை. உன்னை எப்படி அடக்கறதுன்னு அம்மாடிக்குத்தான் தெரியணும்.

அப்புறம், பனிமலையைச் சீக்கிரம் பார்த்துக்க. 2022, 2023 அந்த ரெண்டு வருஷத்துல மட்டும் அந்த நாட்டுப் பனிப்பாறையில பத்துல ஒரு பங்கு உருகிப் போச்சுன்னு அளந்து சொல்லியிருக்காங்க. ரோன் பனிப்பாறையில வெயில் படாம இருக்க வருஷக் கணக்கா வெள்ளைத் துணியைப் போர்த்திப் பார்த்தாங்க. நாம குளிருக்குப் போர்த்துவோம், அவன் குளிரையே போர்த்துறான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல பிளேன்ல புகை விட்டுக்கிட்டுப் போய், ஐயோ உருகுதேன்னு அழறவங்க பட்டியல்ல நீயும் சேரப்போறே. நான் ஒண்ணும் சொல்லலை. ஜிம்மிதான் உறுமுது.

பெர்ன்னு தலைநகர் இருக்கு. அங்க யூரோப்பாபிளாட்ஸ்ல சமயங்களின் இல்லம்னு ஒரு கட்டடம், 2014 கடைசியில திறந்தாங்க. பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நம்ம சைவக் கோயிலும் அதுக்குள்ளேயே இருக்கு. கட்டாயம் போ. 1980-கள்லேருந்து சண்டைக்குத் தப்பி இலங்கையிலேருந்து போன நம்ம சனம் அந்த நாட்டுல ஐம்பதாயிரம் பேர் அளவுல இருக்காங்க. ஆரம்பத்துல நிறைய பேருக்கு ஓட்டல் அடுப்படிதான் வேலை. மலைச்சாரல்ல உட்கார்ந்து நீ சீஸ் உருக்கித் தின்னுக்கிட்டிருக்கிறப்ப, உள்ளே அந்தச் சட்டியைக் கழுவுறவர் யாழ்ப்பாணத்துக்காரரா இருக்கலாம். எட்டிப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லு. இந்திப் படக்காரர் யஷ் சோப்ராவுக்கு இன்டர்லாகன்ல சிலை இருக்கு, அதோட படம் எடுக்க வரிசை நிக்குது. சட்டி கழுவுறவருக்குச் சிலை கிடையாது, ஒரு வணக்கமாவது இருக்கட்டும்.

எல்லாம் சரி. இப்ப ஒரு கேள்வி கேட்கறேன், கோவிச்சுக்காதே. உன் பிள்ளைங்களுக்குக் கம்போங் குவாந்தான் மின்மினியைக் காட்டியிருக்கியா? இல்லை. தெரியும். வீட்டுலேருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதனாலதான் இன்னும் போகலை. பெரெம்பாங் மரம் பூரா ஒரே நேரத்துல விளக்கை ஏத்தி, ஒரே நேரத்துல அணைக்கும். சுவிஸ்ல மலையைப் பார்க்க வெளிச்சம் வேணும், இதுக்கு நிலா இல்லாத இருட்டு வேணும். சுவிஸ்காரன் இதைப் பார்க்க இங்க வந்து சம்பான்ல உட்கார்ந்திருக்கான், நீ அவன் வீட்டுக்குப் போறே. மெலாவதி மலைக் குரங்குக்குத் தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்க உனக்குத் தெரியாது. 1784-ல டச்சுக்காரன் கோட்டையைப் புடிச்சான், அடுத்த வருஷமே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் புடிச்சாரு. குரங்கு மட்டும் யாருக்கும் விட்டுக் குடுக்கலை.

ஹென்றி ஃபோகோனியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரன் கேள்விப்பட்டிருக்கியா? 1905-ல இங்க வந்து ரந்தாவ் பாஞ்சாங்ல தோட்டம் போட்டான். 1917-ல தென்னமரம் தோட்டத்துல நாட்டிலேயே முதல்ல வியாபாரத்துக்குச் செம்பனை நட்டவன் அவன்தான். தோட்டத்துப் பேரு தென்னமரம், நட்டது செம்பனை, அப்பவே ஆரம்பிச்சாச்சு! அவன் இந்த மண்ணைப் பத்தி ஒரு நாவல் எழுதி, 1930-ல பிரான்சுல கொன்கூர் பரிசு வாங்கிட்டான். நாம நின்ன அதே நிரை, நாம குடிச்ச அதே ஆத்துத் தண்ணி. அவன் பார்த்தான், எழுதினான், வாங்கினான். நாம மங்கைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டோம். தூரத்திலேருந்து வந்தவனுக்குத்தான் கண்ணு திறக்கும்போல. அப்படின்னா நீயும் அங்க போய் ஏதாவது ஒண்ணை, அந்த ஊர்க்காரனே பார்க்காததைப் பார்த்துட்டு வா. உனக்கு ஆயிரம் வெள்ளி குடுத்து டிக்கெட் வாங்க ஒரு நியாயம் கிடைக்கும்.

எழுந்துட்டியா? இரு, கூலி இன்னும் பாக்கி.

மலைமேல மாடு மேய்க்கிறவனைப் பார்த்தா, கேட்டுட்டுப் படம் எடு. எடுத்தா பேரைக் கேட்டு எழுதி வச்சுக்க. மறுபடி பால் கறந்து காட்டச் சொல்லாதே, மாட்டுக்கும் ஒரு கங்காணி இருப்பான். அந்தச் சுவிஸ் அம்மா என் பேரைக் கேட்கலை. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், பதினேழு வயசுல என் பேர் எனக்கு ரொம்பப் புடிக்கும். எங்கேயோ ஒரு வீட்டுச் சுவத்துல, மூணாவது வெட்டோட நான் இன்னும் நின்னுக்கிட்டிருப்பேன்.

நீ தங்குற வீட்டுல, காப்பிக்கடையில, எங்கேயாவது பழைய படம் தொங்குனா கிட்டப் போய்ப் பாரு. ஒல்லியா, நெத்தியில விளக்கோட, மரத்துப் பக்கம் திரும்பி முறைச்சுக்கிட்டு நிக்கிறவன் நான்தான். அதுக்குக் கீழே என் பேரை எழுதிட்டு வா.

எழுத்துப் பிழை இல்லாம எழுது பேராண்டி. பிழை விடற வேலையைப் பொறப்புப் பத்திரம் எழுதின கிராணி எப்பவோ செஞ்சு முடிச்சுட்டான்.